ஒரு பல்லி அல்ல, ஏழு பல்லி!
மலைக்காட்டில் 144 ஆண்டுகள் மறைந்து இருந்த ரகசியம்

பல்லி என்றால் வீட்டுச் சுவர்தான் நினைவுக்கு வரும். மலை உச்சியிலும் பல்லி உண்டு!

மேற்குத் தொடர்ச்சி மலையில், குளிரும் மழையும் மிகுந்த காடுகளில் ஒரு வகைப் பல்லி வாழ்கிறது. பகலில் இடுக்குகளில் பதுங்கி இருக்கும். இரவில் வெளியே வந்து பூச்சி பிடிக்கும்.

1875-ம் ஆண்டில் ஆல்பர்ட் குந்தர் என்ற அறிஞர் இதற்கு ஆனைமலையின் பெயரைச் சூட்டினார். 1933-ல் மால்கம் ஸ்மித் என்பவர், "இது தனிப் பேரினம்" என்று பிரித்தார். "திராவிடோகெக்கோ" என்று பெயர் வைத்தார். திராவிடப் பல்லி என்று பொருள்.

என்ன வித்தியாசம்? வீட்டுப் பல்லியின் விரல் அடியில் உள்ள பட்டைகள் இரண்டாகப் பிளந்து இருக்கும். மலைப் பல்லிக்கு அவை பிளவு படாமல் முழுசாக இருக்கும்.

அந்தப் பேரினத்தில் ஒரே ஒரு இனம்தான் உண்டு என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஆறு புது இனங்கள்

2019-ம் ஆண்டில் அந்த நம்பிக்கை உடைந்தது. சைதன்யா என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் பல மலைகளின் பல்லிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு! ஆனால் ஆண் பல்லியின் தொடையில் உள்ள நுண்துளைகளை எண்ணினால், கணக்கு வேறுபட்டது. மரபணுவைச் சோதித்தார்கள். அதுவும் வேறுபட்டது.

ஆக, இருந்தது ஒன்று அல்ல, ஏழு!

கொடைக்கானல் பல்லிக்குத் தமிழிலேயே "தொல்பல்லி" என்று பெயர் வைத்தார்கள். மேகமலைப் பல்லிக்கு அந்த மலையின் பெயரே கிடைத்தது. இன்னொன்றுக்குத் தாவரவியல் மேதை ஜானகி அம்மாளின் பெயர் சூட்டப்பட்டது. கோவையில் கரும்பு ஆராய்ச்சி செய்து புகழ் பெற்றவர் அவர்.

ஏன் பிரிந்தன?

இந்தப் பல்லிகளுக்குக் குளிர்ந்த, ஈரமான காடு வேண்டும். மலைக்கும் மலைக்கும் நடுவே வெப்பமான பள்ளத்தாக்கு கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் அப்படிப்பட்டது. அதைத் தாண்டிப் போக இவற்றால் முடிவது இல்லை. கடல் நடுவே தீவு போல ஒவ்வொரு மலையிலும் தனித்தனியே வாழ்ந்தன. பல லட்சம் ஆண்டுகளில் தனித்தனி இனங்கள் ஆகிவிட்டன.

பெயர் வைத்தால் போதுமா?

"பல்லிக்குப் பெயர் வைத்து என்ன லாபம்?" என்று சிலர் கேட்கலாம். லாபம் இருக்கிறது.

ஒரே இனம் என்று நினைத்தபோது, ஒரு மலையில் காடு அழிந்தாலும், "அடுத்த மலையில் இருக்கிறதே" என்று சமாதானம் சொல்லலாம். இனி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மலையில் மட்டும் வாழும் இனம் அங்கே அழிந்தால், உலகத்திலேயே அழிந்ததாகும். பெயர் இல்லாத உயிரைக் காக்கும்படி சட்டத்திடம் கேட்கவும் வழி இல்லை.

பூமி சூடாகி வருவது இன்னொரு ஆபத்து. சமவெளியில் வாழும் பிராணி, குளிரைத் தேடி மலை ஏறலாம். உச்சியில் இருப்பது எங்கே ஏறும்?

மேகமலையும் ஸ்ரீவில்லிபுத்தூர் காடும் சேர்ந்து 2021-ம் ஆண்டில் புலிகள் காப்பகம் ஆகின. புலிக்காகக் காத்த காட்டில் பல்லியும் பிழைக்கும். அந்தக் காட்டு மழைதான் வைகையில் தண்ணீராக ஓடுகிறது.

பல்லி வாழும் ஈரக்காடு நிலைத்தால், ஆற்றை நம்பி வாழும் ஊர்களுக்கும் நல்லது.