கள்ளுக்கடைக்குப் பதில் என்ன?

மதுவிலக்கைப்பற்றி மேடையில் பேசாத கட்சி நம் நாட்டில் அநேகமாய் இல்லை. ஆனால் குடியை விட்ட மனிதன் பொழுது சாய்ந்தபின் எங்கே போய் உட்காருவது, யாரோடு பேசுவது என்று கேட்பார்தான் இல்லை. வேப்பந்தட்டைத் தோழர்கள் இதைக் கேட்கவேண்டும் என்கிறோம்.

1937 அக்டோபர் 1-ல் ஆச்சாரியார் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை அமுலாக்கிற்று. அன்று ஆத்தூர் தாலூகா சேலத்தைச் சேர்ந்தது. அடுத்த பெரம்பலூர் தாலூகாவோ திருச்சி ஜில்லா. அதாவது ஒரே சாலையில் அப்பால் கள் குற்றம்; இப்பால் கள் சர்க்கார் வருமானம். மகா பாவம் என்று சொல்லப்பட்டது ஜில்லா எல்லைக்கல்லைத் தாண்டியதும் பாவமில்லாமல் போன அதிசயம் இது! 1948 அக்டோபர் 2-ல்தான் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது.

சேலத்தில் கள்ளுக்கடைக்குப் பதிலாக விளையாட்டும், பஜனையும், தேநீர்க்கடையும் ஊக்குவிக்கப்பட்டன. இவற்றில் ஊர்தோறும் நிலைத்தது எது? தேநீர்க்கடைதான். காரணம் வெளிப்படை. பகலெல்லாம் மண் வெட்டியவனுக்கு வேண்டியது தாளமல்ல. ஒரு பெஞ்சியும், சூடாய்க் குடிக்க ஏதாவதும், நாலுபேர் பேச்சும். அங்கே ஒருவர் பத்திரிகை வாசிக்க, எழுத்தறியாத பத்துப் பேர் கேட்டார்கள். பள்ளிக்கூடம் சேர்த்துக்கொள்ளாதவனுக்கு அந்தப் பெஞ்சியே பள்ளிக்கூடமாயிற்று.

ஆனால், அந்தப் பெஞ்சியிலும் ஜாதி ஏறி உட்கார்ந்துகொண்டதே! சேரிக்காரருக்குத் தனிக் குவளை. அதையும் அவரே கழுவிவைக்க வேண்டும். பட்டணத்தின் யோக்கியதை மட்டும் என்ன? 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எடுக்க, தோழர்கள் மறியல் செய்து சிறை செல்லவேண்டியிருந்தது. பொது ஓட்டலில் தீண்டாமை காட்டுவது குற்றமென்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. இப்போது காகிதக் கோப்பை வந்துவிட்டதால் வேற்றுமை போயிற்று என்கிறார்கள். கோப்பையைப் பார்க்கவேண்டாம், யார் உட்கார்ந்து குடிக்கிறார், யார் நின்று குடிக்கிறார் என்று பாருங்கள், தெரியும்.

இன்னொன்று. பருத்திக் காட்டில் ஆணோடு சமமாய் வேலை செய்த பெண், மாலையில் அந்தப் பெஞ்சியில் உட்கார முடிகிறதா? கல்லூரியில் படிக்கும் பெண்ணாவது முடிகிறதா? குடிகாரன் நடுத்தெருவில் விழுந்து கிடந்தால் போகாத குடும்ப மானம், பெண் தேநீர் குடித்தால் போய்விடுமாம்!

குடியில்லாத ஊரில் மாலைப்பொழுது பாழ் என்பாருக்கு ஆமதாபாத்தைக் காட்டுகிறோம். 1960-ல் குஜராத் தனி மாகாணமானது முதல் அங்கே மதுவிலக்கு இருக்கிறது. அந்நகரத்து மாணிக் சவுக்கில் பகலில் நகைக் கடைகள். இரவில் அதே இடத்தில் பலகாரக் கடைகள். நள்ளிரவு வரையில் பெண்டு பிள்ளைகளோடு கூட்டம். ஆனால் அந்த ஊரிலேயே 2009-ல் கள்ளச் சாராயம் குடித்து நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தார்கள். சட்டம் மட்டும் போதாது என்பதற்கு இது அத்தாட்சி. கடையைத் திறந்துவைத்தால் கள்ளச்சாராயம் ஒழியும் என்பதும் பொய். 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் மூலம் சில்லறையில் விற்கும் தமிழ்நாட்டில், நமக்கு அண்டையிலுள்ள கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் 60-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். மலிவாய்க் கிடைத்ததைக் குடித்த ஏழைகள் அவர்கள்.

ஆதலால் நாம் கேட்பது இதுதான். கடையை மூடு என்பதோடு, மூடியபின் போக ஓர் இடம் திற என்றும் கேளுங்கள். ஊருக்கு ஒரு படிப்பகம்; விளக்கு, பத்திரிகை, பெஞ்சி, தேநீர். எல்லோருக்கும் ஒரே குவளை, ஒரே வரிசை, பெண்களுக்கும் அதே இடம். பணத்திற்கு எங்கே போவது என்பீர்களோ? ஒரு வருஷத் திருவிழாவில் வாணவேடிக்கைக்குக் கொளுத்துவதை எடுத்துவையுங்கள். பெஞ்சியும் விளக்கும் வந்துவிடும். சாமி இருட்டில் இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. மனிதன் இருட்டில் இருந்தால்தான் சாராயக் கடை விளக்கு அவன் கண்ணுக்குத் தெரியும்.