ஊரைக் கேட்காமல் மாறும் வரைபடம்

கோவாவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருடம் ஆகிறது. இங்கே நிலத்தின் மேல் கடன் கேட்டு யார் வந்தாலும் ஒண்ணு-பதினாலு படிவம், சனத், சோனிங் சான்றிதழ் மூன்றையும் கேட்டு வாங்குவேன். (முதலாவது நம்ம ஊர் சிட்டா அடங்கல் மாதிரி. சனத் என்பது விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றத் தரும் அனுமதி.) பி.காமில் இதெல்லாம் யாரும் சொல்லித் தரவில்லை.

2023க்குப் பிறகு வந்த சில ஃபைல்களில் ஒரு விசேஷம். மண்டலத் திட்ட வரைபடத்தில் நிலம் 'ஆர்ச்சர்ட்', அதாவது தோட்டம். கூடவே ஓர் அரசிதழ் அறிவிப்பின் நகல் இருக்கும். அதே சர்வே எண் இப்போது 'செட்டில்மென்ட்', வீடு கட்டலாம்! மதிப்பு பல மடங்கு ஏறிவிடும். மதிப்பீட்டாளர் புது விலையைப் போட்டுத் தருவார், நானும் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டேன். எனக்கும் டார்கெட் இருக்கிறதே.

எங்கள் கிளை அட்டெண்டர் பக்கத்து கிராமத்துக்காரர். ஒருநாள் டீ கொண்டுவந்தபோது, "சார், எங்க ஊர் மலைச்சரிவு ஒண்ணு மாறிடுச்சாம். கிராம சபாவில யாருக்கும் தெரியாது. எங்க கிணத்துக்குத் தண்ணி அங்கேர்ந்துதான் வருது" என்றார், ஹிந்தியும் கொங்கணியும் கலந்து. என்னிடம் பதில் இல்லை.

இது 17(2) என்ற பிரிவின் கைங்கரியம். 1974ஆம் வருட நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 2023இல் சேர்த்தார்கள். வரைபடத்தில் கவனக்குறைவாக வந்த பிழையைத் திருத்துவதாம். சொந்தக்காரர் மனு போட்டால் போதும், ஊரைக் கேட்கத் தேவையில்லை. 2025 மார்ச்சில் மும்பை உயர்நீதிமன்றத்தின் கோவா அமர்வு இதற்கான விதிகளை ரத்து செய்தது. அதற்குள் 2024இல் 39ஏ என்று இன்னொரு பிரிவு வந்துவிட்டிருந்தது. அதில் ஆட்சேபம் சொல்ல முப்பது நாள் வைத்தார்கள். அரசிதழை யார் படிக்கிறார்கள், என்னைப் போன்ற வங்கிக்காரனையும் வக்கீலையும் தவிர?

இத்தனைக்கும் 2006இல் வந்த மண்டலத் திட்டத்தை எதிர்த்து ஜனங்கள் தெருவில் இறங்க, 2007 ஜனவரியில் அரசாங்கமே அதைக் கைவிட்ட மாநிலம் இது. முழு வரைபடம் என்றால் கூட்டம் சேரும். ஒவ்வொரு சர்வே எண்ணாக மாற்றினால் எவ்வளவு பேர்தான் எத்தனை தடவை தெருவுக்கு வருவார்கள்?

அப்படியானால் ஓட்டுக்கு விடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். அமெரிக்காவில் ஃப்ளோரிடாக்காரர்கள் யோசித்தார்கள். நிலத் திட்டத்தில் எந்தத் திருத்தம் என்றாலும் உள்ளூர் வாக்கெடுப்பு வேண்டும் என்று 2010 நவம்பரில் ஒரு முன்மொழிவு வந்தது. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். சின்னச் சின்னத் திருத்தத்துக்கெல்லாம் ஓட்டுச் சாவடிக்குப் போக முடியுமா? எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் அடுத்த வருடமே அந்த மாநிலச் சட்டசபை, உள்ளூர்க்காரர்கள் தாங்களாகவே இப்படி வாக்கெடுப்பு நடத்துவதற்கும் தடை போட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னவர்கள், கேட்கவே கூடாது என்றா சொன்னார்கள்?

நம் நாட்டிலும் ஒருமுறை கேட்டிருக்கிறோம். 2013இல் உச்சநீதிமன்றம் சொன்னதால் ஒடிசாவின் நியமகிரி மலையில் பன்னிரண்டு கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் பாக்ஸைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. வன உரிமைச் சட்டம் கையில் இருந்ததால் அது நடந்தது. சாதாரண கோவா கிராமத்துக்கு அந்தப் பிடி இல்லை. இங்கே கிராம சபா தீர்மானம் போடலாம், மண்டலத்தை மாற்றுவதை அது தடுக்காது.

என் கணக்கு இதுதான். வீட்டுக்காரர் ஒரு அறை கூட்டிக் கட்டுவதற்கு ஊரைக் கூட்ட வேண்டாம். ஒரு மலைச்சரிவோ வயலோ கட்டிடமாகப் போகிறதென்றால் கிராம சபாவில் ரகசிய ஓட்டு நடக்கட்டும், அது அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தட்டும். வங்கிக்கும் அதுதான் நல்லது. ஊர் ஒத்துக்கொண்ட நிலத்தின் மேல் கடன் கொடுத்தால், நாளைக்கு நீதிமன்றம் என்ன சொல்லுமோ என்று நான் ராத்திரி விழித்துக் கிடக்க வேண்டாம். (2025 மார்ச்சில் சில நாள் கிடந்தேன்.)

அட்டெண்டர் ஊரில் வரும் ஞாயிறு கிராம சபா. கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை உட்கார வேண்டும்.