ஸ்லீப்பிங் பேக்: எடை குறைந்தால் மட்டும் போதுமா?

மலையேற்றத்துக்குக் கிளம்பும் கல்லூரிக் கூட்டம் ஸ்லீப்பிங் பேக் வாங்கும் அழகே தனி. கடையில் இரண்டு பைகளைக் கையில் தூக்கிப் பார்ப்பது, எது லேசோ அதைத் திருப்பி மேலே அச்சடித்த டிகிரியைப் படிப்பது, "மைனஸ் அஞ்சு தாங்குமாம்டா!" என்று ஒரு குரல். அவ்வளவுதான், பில் போட்டாச்சு. அந்த மைனஸ் ஐந்து யாருக்கு, எந்த நிலையில் என்று ஒருவரும் கேட்பதில்லை. எடையை விட முக்கியமான கேள்வி அதுதான்.

ஐரோப்பாவில் 2002-ல் இதற்கென்று ஈ.என். 13537 என்ற தரநிர்ணயம் வந்தது. 2016-ல் ஐ.எஸ்.ஓ. 23537 அதன் இடத்துக்கு வந்துவிட்டது. சோதனை கொஞ்சம் வேடிக்கையானது. மனித உருவில் ஒரு பொம்மையைச் சூடேற்றி, நீளமான உள்ளாடை மாட்டி, பைக்குள் படுக்கவைத்துக் குளிர் அறையில் விட்டுவிடுவார்கள். எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்பதை அளந்து மூன்று எண்கள் தருவார்கள். முதலாவது கம்ஃபர்ட்: சராசரிப் பெண் ஒருவர் உடம்பைத் தளர்த்தி நிம்மதியாகத் தூங்கலாம். இரண்டாவது லிமிட்: சராசரி ஆண் ஒருவர் சுருண்டு படுத்து எட்டு மணி நேரம் ஒப்பேற்றலாம். மூன்றாவது எக்ஸ்ட்ரீம். இது தூங்குவதற்கான எண்ணே அல்ல! ஆறு மணி நேரம் குளிரில் விறைத்துச் சாகாமல் இருக்கலாம், அவ்வளவுதான். விரல்கள் உறைந்து புண்ணானால் அது தனிக்கணக்கு.

ஒரே பைக்கு 5, 0, மைனஸ் 15 என்று மூன்று எண்கள் இருப்பது சகஜம். இதில் கடைக்காரர் எதைப் பெரிய எழுத்தில் போடுவார் என்று சொல்லவேண்டுமா என்ன? எந்தச் சோதனையும் செய்யாமல் ஒரு எண்ணை மட்டும் அச்சடித்த மலிவுப் பைகளும் உண்டு. அந்த எண்ணை நம்புவதற்குப் பஞ்சாங்கத்தை நம்பலாம்.

இதில் அதிகம் அவஸ்தைப்படுவது பெண்கள்தான். பத்துப் பேர் சேர்ந்தால் தள்ளுபடி என்று பத்துப் பேருக்கும் ஒரே மாடலை வாங்கிவிடுவார்கள். பையன்கள் லிமிட் எண்ணில் எப்படியோ தூங்கிவிட, கூட வந்த பெண்கள் விடிய விடிய நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். காலையில் "உனக்கு ஸ்டாமினா இல்லை" என்று கிண்டல் வேறு. தப்பு ஸ்டாமினாவில் இல்லை, தப்பான எண்ணைப் பார்த்து வாங்கியதில் இருக்கிறது. ஆணோ பெண்ணோ, கம்ஃபர்ட் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதே நல்லது.

அடுத்து, எடை குறைக்கிறேன் என்று பாயை வீட்டில் விட்டுவிட்டு வரும் புத்திசாலிகள். பை சூடு தருவதில்லை. அதன் பஞ்சுக்குள் அடைபட்டு நிற்கும் காற்றுதான் உடம்பின் சூட்டை வெளியே விடாமல் காக்கிறது. முதுகுக்குக் கீழே அந்தப் பஞ்சு நசுங்கி அப்பளமாகிவிடும், தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சோதனைக்கூடத்துப் பொம்மைகூட மெத்தை மேல்தான் படுத்திருந்தது. சில நூறு கிராம் எடையுள்ள ஃபோம் பாய் ஒன்று செய்யும் வேலையை, பையில் கூடுதலாகச் சேர்க்கும் அரைக்கிலோ பஞ்சு செய்யாது.

சரி, உள்ளே என்ன பஞ்சு? டவுன் எனப்படும் வாத்துத் தூவிக்குத்தான் மவுசு. முப்பது கிராமுக்கும் குறைவான நல்ல தூவி பன்னிரண்டு லிட்டருக்கு மேல் உப்பி நிற்கும். அதே சூட்டுக்கு பாலியஸ்டர் பஞ்சு கனமாகத்தான் இருக்கும். ஆனால் தூவி நனைந்தால் கட்டிகட்டியாகச் சேர்ந்து செத்துப்போகும், மலை மேல் அதை உலர்த்தவும் வழியில்லை. கொடைக்கானல், வால்பாறை பக்கம் போனவர்களுக்குத் தெரியும், மழையே பெய்யாவிட்டாலும் பனிமூட்டத்தில் கூடாரத்தின் உட்புறம் காலையில் சொட்டிக்கொண்டிருக்கும். ஈரமானாலும் ஓரளவு தாக்குப்பிடிப்பது பாலியஸ்டர்தான், விலையும் குறைவு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அதுவே பொருத்தம்.

கம்ஃபர்ட் பத்து டிகிரி, எடை ஒரு கிலோவை ஒட்டி. இங்கே பெரும்பாலான இரவுகளுக்கு இது போதும். ஜனவரியில் ஊட்டிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகப் பூக்கிற நாட்களுக்கு மட்டும் இது போதாது. உலர்ந்த காலுறை, குல்லா, ஸ்வெட்டர் எல்லாம் சேர்த்துப் போட்டும் சமாளிப்பு கஷ்டம்தான்.

"நாளைக்கு இமயமலை போனா?" என்று கேட்டு மைனஸ் பத்துப் பையைச் சுமப்பவர்கள் உண்டு. உத்தராகண்டில் கேதார்காந்தா சிகரத்துக்கு டிசம்பரில் போகிறவர்களுக்கு அது அவசியம். அங்கே அதை வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். என்றோ ஒருநாள் போகப்போகும் இமயமலைக்காக வருஷம் பூராவும் குரங்கணிக்கும் கொல்லிமலைக்கும் இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டு அலைவானேன்?

வாங்கும் முன் கடையிலேயே பைக்குள் நுழைந்து கழுத்து வரை ஜிப்பை இழுத்துப் பார்க்கவேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் :-) கால் விரல் நுனியில் முட்டினால் அங்கே பஞ்சு நசுங்கும், அந்த இடத்தில் குளிரும். ரொம்பத் தொளதொளவென்று இருந்தாலும் வம்புதான், உள்ளே இருக்கும் காலிக் காற்றையெல்லாம் உடம்பே சூடாக்கியாகவேண்டும். வீட்டுக்கு வந்ததும் அதைச் சுருட்டி அமுக்கி அலமாரியில் திணிக்காமல், பழைய தலையணை உறை ஒன்றில் தளர்வாகப் போட்டுவைத்தால் பஞ்சு கூடுதல் காலம் உழைக்கும்.