வெடிச் சத்தம் படத்தில் விழுமா?

தீபாவளி இரவு. மணி 7.

நெல்லை கொக்கிரகுளத்தில், தாமிரபரணிக் கரையில், ஒரு தந்தையும் மகளும் நிற்கிறார்கள். எந்தத் தீபாவளியிலும் காணக்கூடிய காட்சி இது.

எதிர்க்கரையில் வாணம் கிளம்புகிறது. மகள் செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறாள். பக்கத்தில் ‘படார்’ என்று ஒரு வெடி. அவள் கை ஆடிவிடுகிறது. படத்தைப் பார்க்கிறாள். முகம் வாடுகிறது.

“எப்பா, எல்லாம் வெறும் புகையா விழுந்திருக்கு!”

“வெடியப் பிடிச்சா புகைதாம்மா விழும். சத்தம் படத்துல விழுமா? பூவா விரியுதுல்லா, அந்த வாணத்தப் பிடி.”

தந்தை போட்டோவைப் பற்றித்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லில் ஊருக்கே ஒரு பாடம் இருக்கிறது.

வாணவேடிக்கையை முதன்முதலாகப் படம் பிடிக்க முயலும் எவரும் ஓர் உண்மையைக் கண்டுகொள்வார்கள். பெரிய சத்தம் போடும் வெடி, படத்தில் ஒன்றுமே இல்லை. சத்தம் போடாத கம்பி மத்தாப்புதான் படத்தில் ராஜா!

ஆகவே, பிள்ளைகள் கையில் காமிராவைக் கொடுங்கள். வெடியின் மேல் உள்ள மோகம் தானாகக் குறையும்.

கண் வேறு, காமிரா வேறு

வாணம் மேலே போய் விரிவதும், பூப்பூவாகக் கீழே விழுவதும் இரண்டு, மூன்று வினாடி வேலை. நம் கண் அதைத் தொடர்ந்து பார்க்கிறது. காமிராவோ கண் சிமிட்டும் நேரத்தில் மூடிக்கொள்கிறது. அதனால்தான் படத்தில் நாலு புள்ளி மட்டும் தெரிகிறது.

காமிராவின் கதவை 2 வினாடி முதல் 4 வினாடி வரை திறந்து வைக்க வேண்டும். அப்போது ஒவ்வொரு பொறியும் ஒரு கோடாக விழும். கோடுகள் சேர்ந்தால் பூ!

அந்தக் காலக் காமிராவில் இதற்கென்று ஒரு ரப்பர் குமிழ் இருந்தது. அமுக்கிப் பிடித்தால் கதவு திறந்திருக்கும். விட்டால் மூடிக்கொள்ளும். அந்தக் குமிழ் போய்விட்டது. ஆனால் ‘பல்ப்’ என்ற அதன் பெயர் மட்டும் இன்றைய காமிராவிலும் இருக்கிறது.

எப்படிப் பிடிப்பது?

முதலில், காமிரா ஆடக்கூடாது. முக்காலி ஸ்டாண்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு சிறு துணிப்பையில் அரிசியைக் கட்டி, சுவரின் மேல் வைத்து, அதில் செல்போனைச் சாய்த்து வைக்கலாம்.

இரண்டாவது, பிளாஷ் விளக்கை அணைத்துவிட வேண்டும். அதன் வெளிச்சம் சில அடி தூரம்தான் போகும். வானத்துக்கு எட்டாது. பக்கத்தில் இருக்கும் புகையைத்தான் வெளிச்சம் போட்டுக் காட்டும்.

மூன்றாவது, தூரத்துத் தெரு விளக்கைப் பார்த்துக் காமிராவை முன்கூட்டியே சரிசெய்து, அப்படியே நிறுத்திவிட வேண்டும். இருட்டில் காமிரா தானாகத் தேட ஆரம்பித்தால், அது தேடி முடிப்பதற்குள் வாணம் அணைந்துவிடும்.

காமிரா வைத்திருப்பவர்கள் ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-ல் வைக்கலாம். லென்ஸ் துவாரத்தை 8 அல்லது 11-க்குச் சுருக்கலாம். இல்லாவிட்டால் நிறம் எல்லாம் வெளுத்துப் போகும்.

அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன? எல்லாம் உப்பு செய்யும் வேலை. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம். மஞ்சளுக்குச் சோடியம். நீலத்துக்குச் செம்பு. பச்சைக்குப் பேரியம். இந்தப் பேரிய உப்பைப் பட்டாசில் சேர்க்க 2018-ல் சுப்ரீம் கோர்ட் தடை விதித்தது. சரவெடிக்கும் அதே தீர்ப்பில் தடை வந்தது.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதும் முக்கியம். முதுகில் காற்று படும்படி நின்றால் புகை விலகிப் போகும். முதல் பத்து நிமிடத்துப் படங்களே நல்ல படங்கள். அதற்குப் பிறகு வானத்தில் புகைதான் நிற்கும்.

பாலத்தின் மேல் வேண்டாம்

நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இணைப்பது சுலோச்சன முதலியார் பாலம். முதலியார் தம் சொந்தப் பணத்தைக் கொடுத்துக் கட்டிய பாலம். 1843-ல் திறக்கப்பட்டது.

படம் எடுக்க அருமையான இடம் என்று பாலத்தின் மேல் ஏறி நிற்கத் தோன்றும். வேண்டாம்! ஒவ்வொரு பஸ் போகும்போதும் பாலம் லேசாக அதிரும். அந்த அதிர்ச்சி படத்தில் தெரியும். போக்குவரத்தின் நடுவே நிற்பது ஆபத்தும்கூட.

கரையில் மேடான இடத்தில் நின்றால் போதும். ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் இருக்கும். மேலே ஒரு வாணம், தண்ணீரில் ஒரு வாணம் என்று ஒரே படத்தில் இரண்டு கிடைக்கும். தீபாவளியை ஒட்டி அமாவாசை இருட்டு வேறு. ஆனால் மழைக்காலம், தண்ணீர் ஓரத்தில் இறங்கக்கூடாது.

கூந்தன்குளம் காட்டிய வழி

சத்தம் இல்லாமல் தீபாவளி கொண்டாட முடியுமா? முடியும் என்று காட்டிய ஊர் நெல்லை மாவட்டத்திலேயே இருக்கிறது.

நாங்குநேரிப் பக்கம் உள்ள கூந்தன்குளம் அது. அங்குள்ள குளத்துக்கு ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வருகிறது. பூநாரை வருகிறது. ஊருக்குள் இருக்கும் மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. 1994-ல் இது பறவைகள் சரணாலயம் ஆனது.

அந்த ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவைகள் பயந்து ஓடிவிடும் என்பதே காரணம். பறவை எச்சம் விழுந்த குளத்து வண்டலை வயலுக்கு உரமாகப் போடுகிறார்கள். பறவை வந்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை.

பறவைக்காக ஓர் ஊரே வெடியை விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுக் கைக்குழந்தைக்காக, நெஞ்சு வலிக்காரருக்காக, கட்டிலில் கிடக்கும் பாட்டிக்காக மற்ற ஊர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா?

தொழிலாளர் கதி என்ன?

“வெடி வாங்காவிட்டால் சிவகாசித் தொழிலாளர் என்ன செய்வார்கள்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்த வேலையை நம்பிப் பல்லாயிரம் குடும்பங்கள் இருக்கின்றன.

ஆனால் புஸ்வாணமும், தரைச்சக்கரமும், கம்பி மத்தாப்பும் சிவகாசியில்தானே தயாராகின்றன? வாங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காதைப் பிளப்பதை விட்டு, கண்ணுக்கு இனியதை வாங்குங்கள் என்பதே பேச்சு. அதிலும் பாம்பு மாத்திரை வேண்டாம். பார்க்கச் சிறியது, கக்கும் புகை பெரியது!

ஒளி வாணத்திலும் புகை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆகவே அளவும் வேண்டும். படம் எடுப்பவருக்கு அந்த அளவு தானாக வரும். ஒரு வாணத்துக்கும் அடுத்த வாணத்துக்கும் நடுவே அவர் காத்திருப்பார். பத்துக் கட்டு கொளுத்தும் நேரத்தில் பத்து வாணம்தான் செலவாகும். பணமும் மிச்சம்.

தமிழ்நாட்டில் பட்டாசுக்கு அரசு நேரம் வகுத்ததும் 2018-ல்தான். காலை 6 மணி முதல் 7 மணி வரை; இரவு 7 மணி முதல் 8 மணி வரை. நல்ல படம் எடுக்க அந்த ஒரு மணி நேரம் தாராளம்.

வானத்தில் ஒரு ‘அ’

கடைசியாக, வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய ஒரு வேடிக்கை.

காமிராவை ஸ்டாண்டில் வைத்துக் கதவை 8 வினாடி திறந்து வையுங்கள். எதிரே பிள்ளையை நிறுத்தி, கம்பி மத்தாப்பால் காற்றில் ‘அ’ என்று எழுதச் சொல்லுங்கள். படத்தில் அந்த எழுத்து நெருப்புப் பொன்னால் எழுதியதுபோல நிற்கும். இடம் வலம் மாறியிருக்கும். படத்தைத் திருப்பிக்கொண்டால் சரியாகிவிடும்.

ஆனால் கவனம்! கம்பி மத்தாப்பின் சூடு 1,000 டிகிரி செல்சியசுக்கு மேல். பிள்ளைக்குப் பருத்தி உடை வேண்டும். காலில் செருப்பு வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். எரிந்த கம்பியைப் போட ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். வெடித்த சத்தம் அன்றிரவே போய்விடும். தீப்பட்ட காயமோ ஆயுள் முழுதும் இருக்கும்.

அடுத்த தீபாவளிக்குக் கொக்கிரகுளத்து மகள் என்ன கேட்பாள்? “எப்பா, அணுகுண்டு வாங்கித் தா” என்று கேட்க மாட்டாள். “எப்பா, ஒரு பாக்கெட் கம்பி மத்தாப்பு போதும். நான் என் பேர எழுதணும்” என்பாள்.

அந்தப் படம் வீட்டுச் சுவரில் பல ஆண்டு தொங்கும். எந்த வெடிக்கு அந்த ஆயுசு உண்டு?