சாமிக்குச் சட்டை மாற்றலாம், கதையை மாற்றலாமா?



உங்கள் கையில் இருப்பது படக்கதைச் சிறப்பிதழ். ஆடி பிறக்கப் போகிறது. வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் அம்மனுக்குக் காப்புக் கட்டவும் கூழ் ஊற்றவும் வசூல் நோட்டோடு ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். இந்த நேரத்தில் தெய்வங்களை சூப்பர் ஹீரோக்களாக வரைவது பற்றி ஓர் இதழ் தேவையா என்று, போன மாத அறிவிப்பைப் பார்த்ததுமே சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். "ஆத்தாளுக்குப் பின்னால் துணி கட்டிப் பறக்க விடப் போகிறீர்களா?" என்று ஓர் அம்மா மனம் நொந்து கேட்டிருந்தார். அவருக்கு நான் எழுதும் பதில்தான் இந்தப் பக்கம்.

அம்மா, உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டர் அம்மனும் ஓர் ஓவியரின் மனசில் பிறந்தவள்தான். ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்துத் தெய்வப் படங்களை வீடு வீடாகக் கொண்டுபோனார். நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த முகங்களைச் சிவகாசி அச்சடித்து ஊரெல்லாம் அனுப்பியது. அந்த முகங்களைப் பார்த்துத்தான் நாம் கும்பிடுகிறோம். அதே சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தபோது முதல் இதழின் நாயகியே ஒரு பெண், மாடஸ்டி பிளைசி. வாசகர்கள் இன்றும் அவளை இளவரசி என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே வரைவதில் தவறில்லை. வரையும்போது எதை விடக்கூடாது என்பதுதான் கேள்வி. அதற்கு எகிப்துவரை போய்வர வேண்டியிருக்கிறது.

எகிப்தியர் ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகள் கும்பிட்ட தெய்வம் ஐசிஸ். கணவன் ஒசைரிஸை அவனுடைய தம்பி சேத் கொன்று, உடலைத் துண்டு துண்டாக்கி நாடெங்கும் வீசிவிடுகிறான். பதினான்கு துண்டுகள் என்று கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க் எழுதுகிறார். ஐசிஸ் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சேர்த்து, அவனைச் சிறிது நேரமாவது எழுப்புகிறாள். பிறகு பிள்ளை ஹோரஸை நைல் கழிமுகத்து நாணல் காட்டில் ஒளித்து வளர்க்கிறாள்.

இவளைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த கதை வேறொன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட ஒரு கல்லில் அது இருக்கிறது. கல் இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. சேத் ஐசிஸை ஒரு நூற்புக் கூடத்தில் அடைத்து வைக்கிறான். பொழுது சாயும் நேரத்தில் அவள் அங்கிருந்து தப்புகிறாள். காவலுக்கு ஏழு தேள்கள் கூட வருகின்றன. வழியில் ஒரு பணக்காரி இவளைக் கண்டதும் கதவைச் சாத்திவிடுகிறாள். சதுப்பு நிலத்து ஏழைப் பெண் ஒருத்திதான் தன் குடிசைக்குள் இடம் கொடுக்கிறாள். தேள்களுக்குப் பொறுக்கவில்லை. ஆறு தேள்கள் தங்கள் விஷத்தை ஏழாவதன் கொடுக்கில் ஏற்றிவிட, அது கதவிடுக்கில் நுழைந்து பணக்காரியின் குழந்தையைக் கொட்டிவிடுகிறது. அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலறுகிறாள். ஒரு கதவும் திறக்கவில்லை. ஐசிஸ் அவளைக் கூப்பிட்டு, குழந்தையின் மேல் கை வைத்து, தேள்களைப் பெயர் சொல்லி அழைத்து விஷத்தை இறக்குகிறாள். பெற்றவர்கள் செய்த பிழைக்குப் பிள்ளை சாகக்கூடாது என்பது அவள் கணக்கு. மலையைப் பெயர்க்கும் வீரனைவிட, தன்னை வாசலில் நிற்க வைத்தவளின் பிள்ளையைக் காப்பாற்றும் இவள்தான் எனக்குப் பெரியவள்.

இந்தத் தெய்வத்துக்கும் நம் கடற்கரைக்கும் பழைய பழக்கம் உண்டு. ரோமர் காலத்தில் ஐசிஸ் கடலோடிகளுக்குக் காவல் தெய்வம். செங்கடல் கரையில் இருந்த பெரெனிக்கே துறைமுகத்தில் அவளுக்குக் கோயில் இருந்தது. அந்தத் துறையின் கோயில் முற்றத்தில், இந்தியாவில் செய்த சாடி ஒன்றில் 7.55 கிலோ கருமிளகு கிடைத்தது. ஐசிஸ் கோயிலிலேயே 71 சென்டிமீட்டர் உயரப் புத்தர் சிலை ஒன்று கிடைத்ததை 2023-ல் அறிவித்தார்கள். அதற்கு வடக்கே குசேர் அல் காதிமில் கணன், சாதன் என்ற பெயர்கள் தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. இன்று ஒரகடத்துக் கார்கள் எண்ணூரில் கப்பலேறுவதைப் போல அன்று மிளகு ஏறியது. கரை சேர்ந்த கணனும் சாதனும் அவள் வாசலில் ஒரு நிமிடம் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்ள எனக்குப் பிடிக்கிறது.

அப்படிப்பட்டவள் 1975 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்தாள். ஆண்ட்ரியா தாமஸ் என்ற பள்ளி அறிவியல் ஆசிரியைக்கு அகழாய்வு நடந்த இடத்தில் ஒரு பழைய பதக்கம் கிடைக்கிறது. அதை அணிந்து ஐசிஸின் பெயரைச் சொன்னால் அவளுடைய சக்தி இவளுக்கு வரும். ஜோஆனா கேமரான் நடித்த அந்தத் தொடரில், சனிக்கிழமை காலைகளில் அவள் பிள்ளைகளைச் சிக்கலிலிருந்து மீட்டு, கடைசியில் நல்லபுத்தி சொல்வாள். அடுத்த ஆண்டே டிசி நிறுவனம் அவளைப் படக்கதையாக்கியது. எட்டு இதழ்களோடு நின்றுபோனது. எளிய கதைதான். ஆனாலும் ஆசிரியை என்பது நல்ல தேர்வு. பிள்ளைகளைக் காப்பவள் என்ற பழைய குணம் அதில் மிஞ்சியிருந்தது.

2006-ல் அதே டிசி '52' என்ற வரிசையில் இன்னொரு ஐசிஸை உருவாக்கியது. பெயர் அட்ரியானா டோமாஸ். பிளாக் ஆடம் என்ற முரட்டு மன்னனுக்குப் பரிசாக விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்டவள். அவன் அவளை விடுவிக்கிறான். பதக்கம் அவளுக்குக் கிடைக்கிறது. அவனை நல்வழிக்குத் திருப்பி, அவனையே மணக்கிறாள். இதுவரை அருமை. பிறகு அவளைக் கொன்றுவிடுகிறார்கள். அவள் சாவைக் காரணமாக வைத்து அவன் ஒரு நாட்டையே அழிக்கிறான். உலகப் போர் மூள்கிறது. இங்கேதான் எனக்கு ஆறவில்லை. செத்த கணவனை எழுப்பியவளின் பெயரை எடுத்துக்கொண்டு, கணவனுக்குக் கோபம் வருவதற்காக அவளைச் சாகடித்தால் அங்கே ஐசிஸ் எங்கே இருக்கிறாள்? உடை மாறியதில் எனக்கு வருத்தமில்லை. தேடியதும் சேர்த்ததும் எழுப்பியதும் அவள் வேலை. அதைப் பிடுங்கி அவனிடம் கொடுத்துவிட்டார்கள்.

நம் நாட்டில் இதைச் சரியாகச் செய்த ஒரு முயற்சி உண்டு. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பேருந்தில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமை நம் யாருக்கும் மறந்திருக்காது. அப்போது நடந்த போராட்டத்துக்குப் போயிருந்த ராம் தேவினேனி என்ற திரைப்பட இயக்குநரிடம், நல்ல பெண் ராத்திரியில் தனியாகச் சுற்றமாட்டாள் என்ற பொருளில் ஒரு போலீஸ்காரர் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு உறுத்தியதில் பிறந்தது 'பிரியாஸ் சக்தி' (2014). ஓவியங்கள் டான் கோல்ட்மன். கிராமத்துப் பெண் பிரியா வன்கொடுமைக்கு ஆளாகிறாள். சொந்த வீடே அவளைத் துரத்துகிறது. காட்டில் அழும் அவளுடைய குரல் பார்வதிக்குக் கேட்கிறது. கடைசியில் பிரியாவே தன்னைத் துரத்திவந்த புலியின் எதிரே நின்று, அதையே வாகனமாக்கி ஊருக்குத் திரும்புகிறாள். பார்வதி வந்து எல்லோரையும் அடித்துப் போட்டுவிட்டுப் போவதாக எழுதியிருக்கலாம், எழுதவில்லை. அடுத்து வந்த 'பிரியாஸ் மிரர்' (2016) திராவக வீச்சுக்கு ஆளான பெண்களைப் பற்றியது. இந்தப் பிரியாவைப் பாலினச் சமத்துவத்துக்கான வீராங்கனை என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு பாராட்டியது.

நம் தமிழில் யாரை வரையலாம்? எனக்குக் கண்ணகியைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை. ஐசிஸுக்கு மிக நெருக்கமானவள் அவள்தான். வெட்டுண்டு கிடந்த கோவலனை அவள் தழுவும்போது அவன் எழுந்து, அவள் கண்ணீரைத் துடைத்து, இரண்டு சொல் பேசிவிட்டு விண்ணுலகம் போகிறான். நைல் கரையில் நடந்தது மதுரைத் தெருவில் இன்னொரு முறை நடக்கிறது. கண்ணகி என்றால் தலைவிரி கோலமும் நெருப்பும் மட்டும் நினைவுக்கு வருகிறது. மதுரை அவளுக்கு வெளியூர் என்பது மறந்துபோகிறது. புகாரில் எல்லாம் இழந்தபின் கையிலிருந்த சிலம்பை முதலாக்கிப் பிழைக்க வந்தவள் அவள். ஆயர்பாடியில் மாதரி என்ற இடைச்சி இடம் கொடுத்தாள். முன்பின் தெரியாத ஊரில், அரண்மனை வாசலில் தனியாக நின்று விசாரணை கேட்டாள். அரசியின் சிலம்பில் முத்து என்று அரசன் சொல்ல, என் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்தே காட்டினாள். ஊரை எரிக்கும்போதுகூட முதியவர், குழந்தை, பசு என்று யாரைத் தொடக்கூடாது என்பதைத் தீக்கு வகுத்துச் சொன்னாள். கோபத்திலும் கணக்குத் தப்பாத நாயகி அவள். ஈழத்தில் கண்ணகி அம்மன், சிங்களரிடம் பத்தினி தெய்யோ என்று இன்றும் அவளைக் கொண்டாடுகிறார்கள்.

வெளியூரிலிருந்து வந்து, தங்க இடம் தேடி, நியாயம் கேட்கும் பெண் என்றால் நம் பகுதிக்கு விளக்கம் தேவையில்லை. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். கிருத்திகையன்று இரவு ஷிஃப்ட் முடித்து, கழுத்து அட்டையைக்கூடக் கழற்றாமல், வல்லக்கோட்டை ஏழடி முருகனைப் பார்க்க வரிசையில் நிற்கும் பெண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களில் ஒருவர் அனுப்பிய படம் இந்த இதழின் நடுப்பக்கத்தில் இருக்கிறது. கோடு போட்ட நோட்டுத் தாளில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்த கண்ணகி. தலைமுடி வலைத்தொப்பிக்குள், மேலே நீலக் கோட். இடது மணிக்கட்டில், சர்க்யூட் போர்டைத் தொடும் முன் உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்கக் கட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப். அதன் சுருள் வயர் பாதியில் அறுந்து நிற்கிறது. வலது கையில் சிலம்பு. எதிரே சிம்மாசனம் இல்லை. ஒரு மேசை, ஒரு தண்ணீர் டம்ளர், காலியான சுழல் நாற்காலி. படம் முழுக்க நீல மை. மேசைமேல் தெறித்து விழுந்த ஒற்றை மாணிக்கம் மட்டும் சிவப்பு. கண்ணைச் சிவப்பாக்காமல் கல்லைச் சிவப்பாக்கிய அந்தக் கைக்கு என் வணக்கம்.

வருத்தப்பட்டு எழுதிய அம்மா, அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள். பிடிக்காவிட்டாலும் எழுதுங்கள், அப்படியே வெளியிடுகிறேன்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இது ஓர் இதழோடு நிற்க வேண்டாம். உங்கள் ஊர் அம்மனை, குலசாமியை, உங்கள் பாட்டி சொன்ன வீரப் பெண்ணை இன்றைய உடையில் இரண்டு பக்கப் படக்கதையாக வரைந்து அனுப்புங்கள். என்ன உடை வேண்டுமானாலும் போடுங்கள். அவள் செய்த வேலையை மட்டும் வேறு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஏ4 தாள், கறுப்பு அல்லது நீல மை போதும். வரையத் தெரியாதவர்கள் கதையை எழுதி அனுப்பினால், வரையத் தெரிந்த இன்னொரு வாசகரோடு சேர்த்துவிடுகிறோம். ஆவணி முடிவதற்குள் வந்துசேர வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று நினைப்பவர்கள் தாளின் மூலையில் உங்கள் ஷிஃப்ட் ஏ, பி, சி எது என்று மட்டும் எழுதுங்கள், அதையே அச்சிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்