விமானியின் ஓய்வும் பிரயாணியின் உயிரும்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. ஆயினும் ஆகாய விமானம் நாஞ்சில் நாட்டாருக்குப் புதியதன்று. 1935ஆம் வருஷம் டாட்டா கம்பெனியின் விமானம் தபால் மூட்டையுடன் திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்குப் பறந்தபோது, நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. 1956இல் எல்லை மாறிற்று, வழி மாறவில்லை. குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் செல்வோர் இன்றும் திருவனந்தபுரம் நிலையத்தையே நாடுகின்றனர். கடன் வாங்கிச் சீட்டு எடுப்பவர் அவர்களில் பலர். ஆகையால் விமானப் பாதுகாப்பு தனவந்தர்களின் கவலை என்று எவரும் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

1971 டிசம்பர் 9ந் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து மதுரைக்குச் சென்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் சின்னமனூருக்கு அருகே மேகமலையில் மோதி 21 பேர் மாண்டனர். அக்காலத்தில் உலகெங்கும் இவ்விதமே விமானங்கள் மலைகளில் மோதி வந்தன. தரை நெருங்குவதை விமானிக்கு உரக்க அறிவிக்கும் கருவி பின்னர் வழக்கத்துக்கு வந்தது. அவ்வகை விபத்துக்கள் பெரிதும் குறைந்தன. யந்திரம் எச்சரித்தால் விமானி கேட்கிறான். மனிதன் எச்சரித்தால் என்ன ஆகிறது என்பதே நமது கேள்வி.

2010 மே 22ந் தேதி துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்து 158 பேர் உயிரிழந்தனர். பிரதம விமானி வழியில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தூங்கியிருந்தார் என்றும், இறங்காமல் மேலெழும்புமாறு உப விமானி ஒரு முறைக்கு மேல் கூறியும் பயனில்லை என்றும் விசாரணையில் வெளியாயிற்று. பத்து வருஷங்களுக்குப் பின், 2020 ஆகஸ்டு 7ந் தேதி, அதே கம்பெனியின் விமானம் துபாயிலிருந்து கோழிக்கோட்டுக்கு வந்து, கொட்டும் மழையில் ஓடுபாதையின் பாதித் தூரம் தாண்டிய பின்னரே தரையைத் தொட்டு, சரிவில் வீழ்ந்தது. இரு விமானிகள் உள்பட 21 பேர் மாண்டனர். அங்கும் மேலெழும்பும்படி உப விமானி கூறினார். பிரதம விமானி செவிசாய்க்கவில்லை. மறுநாட் காலையில் அவரே இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியிருந்தது. கோழிக்கோட்டில் கம்பெனி போதிய பிரதம விமானிகளை வைத்திருக்கவில்லை. இதனையும் விசாரணையாளர் குறிப்பிட்டிருக்கின்றனர்.

மேலதிகாரியின் முன் வாய் திறக்கலாகாது என்னும் வழக்கம் நமது தேசத்துக்கு மட்டும் உரியதன்று. 1977இல் டெனரீஃப் தீவில் இரு பெரிய விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததும், சந்தேகம் எழுப்பிய சகாவின் சொல்லைப் பிரதம விமானி புறக்கணித்ததால்தான். அதன் பின்னர், இளையவர் தயங்காமல் சொல்லவும் மூத்தவர் கேட்கவும் மேனாட்டினர் பயிற்சி அளிக்கலாயினர். இந்தியாவிலும் அப்பயிற்சி கட்டாயமே. ஆயினும் களைத்த மனிதனின் காதில் நல்ல சொல் ஏறுமா? ஆள் குறைவால் அவசரப்படும் கம்பெனியில் பயிற்சி நிலைக்குமா?

விமானிகளின் வாராந்தர ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக உயர்த்தி, இரவில் விமானம் இறக்குவதையும் கட்டுப்படுத்திய புதிய விதிகள், விமானிகளின் சங்கங்கள் நீதிமன்றம் சென்று வழக்காடிய பின், 2025இல் இரு கட்டங்களாக அமலுக்கு வந்தன. உள்நாட்டுப் பிரயாணிகளில் பாதிக்கு மேற்பட்டோரை ஏற்றிச் செல்லும் இண்டிகோ கம்பெனி அதற்கேற்ற ஆட்களுடன் ஆயத்தமாக இல்லை. அவ்வருஷம் டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. ஜனங்கள் நிலையங்களில் தவித்தனர். கம்பெனியின் ஆயத்தக் குறைவுக்குப் பரிகாரமாக அதற்குத் தற்காலிக விலக்கு அளிக்கப்பட்டது! விதியை மதித்து ஆள் சேர்த்தவனுக்கு இதனால் கிடைக்கும் பாடம் என்ன? மீறியவனுக்குக் கிடைக்கும் பாடம் என்ன?

கண்காணிக்க வேண்டிய சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்திலேயே ஏறக்குறைய பாதி இடங்கள் காலியாக இருந்ததை 2025இல் பாராளுமன்றக் குழு எடுத்துக்காட்டியது. காவலாளி இல்லாத வயலில் வேலி எதற்கு? மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் விபத்துக்குள்ளானது அந்நாளில் சர்க்காருக்குச் சொந்தமான கம்பெனி. விலக்குப் பெற்றதோ தனியார் கம்பெனி. எனவே உடைமை யாருடையது என்பதல்ல பிரச்னை. தட்டிக் கேட்பவர் யார் என்பதே.

சர்க்கார் செய்ய வேண்டியவை தெளிவானவை. காலியிடங்களை நிரப்புக. ஓய்வு விதிக்கு எக்கம்பெனிக்கும் விலக்களியாதிருக்க. இறங்காமல் மேலெழும்பிய விமானியையும், களைப்பை ஒப்புக்கொண்ட விமானியையும் தண்டிக்கும் நிர்வாகத்தைத் தண்டிக்குக. இவற்றால் சீட்டின் விலை சிறிது ஏறலாம், சில விமானங்கள் தாமதமாகலாம். அதைப் பிரயாணிகள் பொறுப்பது கடமை.

2017 நவம்பரில் ஒக்கிப் புயலின் எச்சரிக்கை வந்து சேருமுன் ஆழ்கடல் சென்ற மீனவர் பலரை இழந்தது இம்மாவட்டம். எச்சரிக்கை எட்டாமற் போனதன் வேதனை நமக்குத் தெரியும். எட்டிய எச்சரிக்கையைக் கேளாதிருப்பதற்கோ மன்னிப்பே இல்லை.