வெள்ளை மேடையும் வெள்ளைத் தூசியும்

கும்பகோணத்துக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஓட்டு வீட்டை, அப்பா ஓய்வுபெற்ற பிறகு அவரும் அம்மாவும் போய் இருப்பதற்காகச் சரிசெய்யத் தொடங்கினோம். சண்டை வந்தது தூணுக்காகவோ முற்றத்துக்காகவோ இல்லை. சமையல் மேடைக்கு என்ன கல் போடுவது என்பதற்காக. நாலு மாசம் ஓடியது. கோடு எழுதிப் பிழைக்கிறவன் நான். ஒரு டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்கக்கூட இத்தனை மீட்டிங் போட்டதில்லை.

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. இரண்டையும் திட்டத்தான் எழுதுகிறேன். இரண்டிலும் நானே கொஞ்ச நாள் இருந்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதலாவது பாரம்பரியக் கட்சி. எங்களுக்கு வந்த ஆர்கிடெக்ட் அதன் தீவிரத் தொண்டர். "இந்த வீட்டுக்கு கிரானைட் பாவம் சார். கடப்பா போடுங்க, அதுதான் ஆதென்டிக்" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பழைய வீட்டில் மேடை எங்கே இருந்தது? என் அப்பாயி தரையில் பலகை போட்டு உட்கார்ந்து சமைத்தவர். மண்ணடுப்பு தரையில், அம்மி தரையில், அரிவாள்மனை தரையில். பரணிலிருந்து எதையாவது எடுக்கத்தான் எழுந்து நிற்பார். நின்றுகொண்டு சமைப்பது எங்கள் வீட்டுக்குள் கேஸ் சிலிண்டரோடு வந்தது. சிலிண்டர் கீழே இருக்க வேண்டும், அடுப்பு மேலே இருக்க வேண்டும். அதனால் இரண்டு செங்கல் சுவர் எழுப்பி, கையில் இருந்த காசுக்குக் கிடைத்த கடப்பா பலகையை மேலே வைத்தார்கள். அப்பாயி கடைசிவரை அதன்மேல் சமைக்கவில்லை. காசில்லாததால் வைத்த கல்லுக்குத்தான் இன்றைக்குப் பாரம்பரியம் என்று பெயர்.

சரி, பெயரை விடுங்கள், வேலையைப் பார்ப்போம். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல். கால்சியம் கார்பனேட். நாம் தினமும் புளி கரைக்கிற ஜாதி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் போதும், என்ன நடக்கும் என்று சொல்லிவிடலாம். நம்பாதவர்கள் ஒரு துண்டுக் கடப்பாவிலும் ஒரு துண்டுக் கருப்பு கிரானைட்டிலும் எலுமிச்சைச் சாறு விட்டு ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் கடப்பாவில் வெளுத்த வட்டம் இருக்கும். துடைத்தால் போகாது, ஏனென்றால் அது கறை இல்லை, கல்லே அரிபட்டிருக்கிறது. அலமாரித் தட்டாக, மேடைக்கு அடியில் தாங்குகிற பலகையாகக் கடப்பா அருமையான கல். நம் ஊர் சமையலறைகளில் கிரானைட்டுக்கு அடியில் சத்தமில்லாமல் அதுதான் கிடக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.

இரண்டாவது கட்சி வெள்ளைக் கட்சி. இதற்கு என் போன்தான் தலைமையகம். பழைய மர உத்திரம், காவித் தரை, நடுவில் பால் மாதிரி ஒரு குவார்ட்ஸ் மேடை. அப்படி நூறு படம் சேர்த்துவைத்திருந்தேன். குவார்ட்ஸ் என்று விற்பது மலையில் வெட்டிய கல் இல்லை. குவார்ட்ஸ் துகள்களைப் பிசினில் குழைத்து அழுத்திச் செய்த பலகை. வழக்கமான வகையில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் குவார்ட்ஸ்தான். பிசின் இருப்பதால் சூடு தாங்காது. வடைச்சட்டியை இறக்கி நேராக மேலே வைக்கிற வீட்டில் அது எத்தனை நாள் பால் மாதிரி இருக்கும்? மஞ்சளைப் பற்றி நான் பேசவே ஆரம்பிக்கவில்லை.

இதெல்லாம்கூட என் மனசை மாற்றவில்லை. மாற்றியது கடைக்குப் பின்னால் ஐந்து நிமிஷம். சாம்பிள் வேண்டும் என்று கேட்டேன், ஒரு பையன் கைக்கட்டரை வைத்து வெட்டிக் கொடுத்தான். ராஜஸ்தான்காரன், இருபது வயசு இருக்கலாம். மூக்கில் ஒரு துண்டு, அவ்வளவுதான். புகை மாதிரி தூசி. அது அடங்கியபோது அவன் கண் இமையெல்லாம் வெள்ளை. தண்ணி ஊத்தி வெட்டக்கூடாதா என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். மெஷினைத் தூக்கிக் காட்டி, ஷாக் அடிக்கும் என்றான். சரியான பதில்தான். அந்த மெஷின் தண்ணீருக்குச் செய்ததில்லை.

அந்தத் தூசிக்குப் பெயர் சிலிக்கா. நுரையீரலில் போய்த் தங்கித் தழும்பாகிவிடும். சிலிகோசிஸ். குணமாக்க மருந்து இல்லை. 1997-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, சுவாசிக்கும் படிக சிலிக்காவை மனிதருக்குப் புற்றுநோய் தருவதாக வகைப்படுத்திவிட்டது. நமக்கு இது புதுசும் இல்லை. மந்த்சௌரில் சிலேட்டுக் குச்சி அறுத்தவர்களும் கம்பாத்தில் அகேட் மணி தேய்த்தவர்களும் இதில்தான் செத்தார்கள். டிபி என்று தவறாக மருந்து கொடுத்து அனுப்புவது இன்றும் நடக்கிறது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைச் செய்வதையும் விற்பதையும் பொருத்துவதையும் தடை செய்தது. தண்ணீர் ஊற்று, மாஸ்க் போடு என்று விதி போட்டுப் பார்த்துப் பலிக்காமல்தான் தடைக்கு வந்தார்கள். மேடையில் சமைக்கிறவருக்கு ஆபத்தில்லை. வெட்டுகிறவனுக்குத்தான். அதனால்தான் என் நூறு படங்களில் ஒன்றில்கூட அவன் இல்லை.

அப்போ கிரானைட் சுத்தமா? இல்லை. மேலூர்ப் பக்கம் குன்றுகளுக்கு என்ன ஆயிற்று என்று மறந்துவிட்டுக் கல் வாங்க முடியாது. கிரானைட் முறைகேட்டை விசாரிக்கச் சென்னை உயர் நீதிமன்றம் 2014-ல் சகாயத்தை நியமிக்க வேண்டியிருந்தது. அதை வெட்டினாலும் தூசி வரும், கலர் கிரானைட்டில் சிலிக்காவும் கணிசமாக உண்டு. ஆனால் கடையில் கருப்பு கிரானைட் என்று விற்பது பெரும்பாலும் புவியியல்படி கிரானைட்டே இல்லை. டோலரைட், கேப்ரோ வகை. அதில் குவார்ட்ஸ் மிகக் குறைவு. புளிக்கும் அசையாது, சூட்டுக்கும் அசையாது. வாங்குமுன் பஞ்சில் தின்னர் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கருப்பானால் சாம்பல் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

நாலு மாசமாக இப்படிக் கல்லைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நாங்கள் மூன்று ஆம்பளைகள்: அப்பா, ஆர்கிடெக்ட், நான். மூன்று பேருக்கும் ஒழுங்காக ரசம் வைக்கத் தெரியாது. கடைசியில் ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன்.

"என்ன கல்லா இருந்தா என்னடா? வயித்துல ஈரம் படாம ஒரு மேடை போட்டுக் குடு."

எனக்குப் புரியவில்லை. முப்பத்தஞ்சு வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும்போது தண்ணீர் விளிம்பு வழியாக வழிந்து புடவையின் வயிற்றுப் பக்கம் நனைகிறது. ஒவ்வொரு நாளும். மார்கழியிலும். நான் அந்த ஈரப் புடவையைப் பார்த்தே வளர்ந்தவன். சமையல் என்றால் அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அம்மா நிறுத்தவே இல்லை. மேடை உயரம் என்று பாரத்தில் 34 அங்குலம் போட்டிருந்தது. அம்மா நாலடி பதினொன்று. முழங்கை உயரத்தை டேப் வைத்து அளந்து, அஞ்சு அங்குலம் கழித்தோம். 31 வந்தது. தரை ஓட்டைப் பக்கம் இருப்பதுபோல மேடைக்கும் சிங்க்கை நோக்கி லேசான வாட்டம் வேண்டும் என்றார். முன்விளிம்பில் ஒரு பட்டை, அடியில் தண்ணீர் சொட்டிவிடும்படி ஒரு காடி. வெள்ளைக் கட்சிக்கு ஒரே ஒரு நல்ல வாதம் உண்டு, அதையும் அம்மாவே சொன்னார்: "கருப்புல எறும்பு தெரியாதுடா, கண்ணு முன்ன மாதிரி இல்ல." கொத்தனார் அதற்குப் பத்து நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார். "தம்பி, மேல ரெண்டு ஓட்டை எடுத்துட்டுக் கண்ணாடி ஓடு போட்டுடலாம்." இப்போது காலையில் வெயில் நேராக மேடையில் விழுகிறது.

கடைக்காரரிடம் ஒரே நிபந்தனைதான் வைத்தேன். அளவு, சிங்க் ஓட்டை, அடுப்பு ஓட்டை, காடி எல்லாம் யார்டிலேயே தண்ணீர் பாயும் பெரிய மெஷினில் வெட்டி வர வேண்டும். வீட்டில் கட்டர் எடுக்கக்கூடாது. கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார், கொடுத்தோம். கல் வந்தது. சுவர் நேராக இல்லாத பழைய வீடு, ஜன்னல் மூலையில் ரெண்டு அங்குலம் துருத்திக்கொண்டு நின்றது. பொருத்த வந்தவர் "அஞ்சு நிமிஷம் சார்" என்று பையிலிருந்து கட்டரை எடுத்தார். வேண்டாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம், ஆர்கிடெக்ட்டுக்கு அதைவிட.

அந்த ரெண்டு அங்குலம் இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா அதில் கரித்துணியைத் தொங்கவிட்டிருக்கிறார்.